கண் எழுதாத பிள்ளையார்

எங்கள் பீங்கான் பொம்மை ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பொம்மையை யார் துடைத்து முடிக்கிறாரோ, அவரேதான் அதற்குக் கண் எழுத வேண்டும். இது முதலாளி போட்ட சட்டம் இல்லை. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் மற்ற ஷெட்டுகளில் இப்படி உண்டா என்றும் எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் நடந்தது, நானும் கேள்வி கேட்காமல் அப்படியே செய்தேன்.

மண் கரைசலை அச்சில் ஊற்றுவோம். இறுகியதும் எடுத்து, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் நிற்கும் கோட்டைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்போம். காயவைத்துச் சூளையில் ஒரு தடவை, பளபளப்புக்குக் கிளேஸில் முக்கி இன்னொரு தடவை வேகவைத்தால் வெள்ளை வெளேரென்று பிள்ளையார் வந்துவிடுவார். ஆனால் அதுவரைக்கும் அது பொம்மைதான். அதன் பக்கத்திலேயே டீ கிளாஸை வைப்போம், அவசரத்துக்கு அதைத் தாண்டியும் போவோம். கறுப்புச் சாயம் தொட்டுக் கண் எழுதி, சின்ன அடுப்பில் கடைசியாக ஒரு சூடு காட்டி எடுத்த பிறகு பேச்சே மாறிவிடும். அந்தப் பலகைப் பக்கம் யாரும் செருப்போடு போகமாட்டோம். "பொம்மைய எடு" என்று சொன்ன வாயே "சாமிய எடு" என்று சொல்லும்.

எங்கள் ஷெட்டில் கண் எழுதுவதற்குப் பேர்போனவர் தங்கதுரை அண்ணன். அவர் எழுதிய பிள்ளையார் கடையில் நூறு பொம்மைக்கு நடுவில் இருந்தாலும் வாங்க வந்தவரையே பார்ப்பார். வேடிக்கை என்னவென்றால் தங்கதுரை அண்ணன் கிறிஸ்தவர். வாரத்தில் ஆறு நாள் பிள்ளையாருக்குக் கண் எழுதிவிட்டு ஏழாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். அடுத்த மேசையில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்த கோவிந்தராசுவாகிய எனக்கு அவரைச் சீண்டுவதற்கு இது போதாதா? "அண்ணே, ஒங்க சாமி கோவிச்சுக்காதா?" என்பேன். "இது பொழப்புடா, அவருக்குத் தெரியும்" என்பார். அத்தோடு முடிந்துவிடும்.

அப்போது அவர் குடிகாரர். அதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் கை நடுங்கும், ஒரு கிளாஸ் உள்ளே போனால்தான் தூரிகை நேராக நிற்கும். ஒரே மகன் பிரேம்நாத். வீட்டில் நடந்த அடிதடியைப் பார்த்துச் சலித்துப்போய், எண்பத்து மூன்றில் கடலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவன் அப்படியே ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். அம்மாவிடம் மட்டும்தான் சொல்லிவிட்டுப் போனான்.

எண்பத்தெட்டில் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தங்கதுரை அண்ணன் குடியை விட்டார். ஜங்ஷன் பக்கத்தில் விழுந்து கிடந்தவரை அவர்கள் சபைப் பாதிரியார், அவர்கள் பேச்சில் ஐயர், சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே வீடு சேர்த்திருக்கிறார். ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லையாம். மறுநாள் காலையில் வந்து முழங்கால் போட்டு ஜெபம் செய்துவிட்டுப் போனாராம், அவ்வளவுதான். எப்படி விட்டீர்கள் என்று ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். "நான் எங்கடா வுட்டன்? என்னைய வுட வெச்சாரு. கட்டிப் போட்டவன அவுத்து வுட்ட மாதிரி இருக்குதுடா" என்பார். பேச்சுக்குப் பேச்சு விடுதலை, விடுதலை என்று சொல்லியதால் நான் அவருக்கு 'விடுதலை அண்ணன்' என்று பெயர் வைத்தேன். அவர் சிரித்தாரே தவிர கோபிக்கவில்லை. எனக்கு அந்தச் சாமியோடு பழக்கம் இல்லை. ஆனால் ஒரு மனுஷன் என் கண்ணெதிரே மாறினார், அது பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்த வருஷம், அதுவரை அம்மாவுக்கு மட்டுமே எழுதிக்கொண்டிருந்த பிரேம்நாத்திடமிருந்து அவர் பேருக்கே ஒரு கடிதம் வந்தது. 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று ஆரம்பித்திருந்தது. அந்த ஒரு வரியை ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் காட்டினார், படிக்கத் தெரியாத சூளைக்காரர் காத்தவராயனுக்குக்கூட விரலை வைத்துக் காட்டினார்.

தொண்ணூற்று இரண்டில் பிரேம்நாத்தைக் காஷ்மீரில் ஒரு பனிமலை முகாமுக்கு மாற்றினார்கள். தங்கதுரை அண்ணனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டிய ஞாயிறு அன்று அவர்கள் சபையில் நாட்டுக்குச் சேவை செய்கிறவர்களுக்காக நன்றி ஜெபம் செய்வார்கள். ராணுவத்தில் பிள்ளை இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும், பேரைச் சொல்லிச் சபையே ஸ்தோத்திரம் சொல்லும். அந்த ஞாயிறு எழுந்து நின்றவர், யாரும் கேட்காமலே எல்லார் முன்னாலும் வேண்டுதலாக ஒரு பொருத்தனை செய்துவிட்டார். "எம்புள்ள சீருடைய கழட்டிட்டு முழுசா வூடு வந்து சேர்ற வரைக்கும் இந்தக் கை இன்னொரு சாமிய செய்யாது."

ஐயரே திகைத்துப் போனாராம். ஜெபம் முடிந்ததும் கூப்பிட்டு, "நான் கேக்கலியே தங்கதுரை. ஆண்டவரும் கேட்டதாத் தெரியல. வெலை குடுத்து வாங்கறதுக்கு இதென்ன கடையா?" என்றிருக்கிறார். "நன்றிக்குக் குடுக்கறன் ஐயா" என்றாராம் இவர். நன்றிக்கு இல்லை, பயத்துக்குத்தான் கொடுத்தார். இதை நான் அப்போதே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "நீ சும்மா கெட" என்றார்.

முதலாளி ரத்தினவேல் தாம்தூம் என்று குதித்தார். விநாயகர் சதுர்த்திக்கு ஆர்டர் வந்து குவிந்திருந்த நேரம் அது. கடைசியில், கரண்ட் பெட்டிக்குள் மாட்டுவதற்கான பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் பகுதிக்கு அவரை மாற்றிவிட்டார். அப்பேர்ப்பட்ட கண் எழுதிய கை, நாள் முழுக்க ஓட்டை போட்ட கட்டைகளைத் துடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவரோ நிம்மதியாக இருந்தார். மாதம் ஒரு கடிதம் வந்தது, மகன் சுகமாக இருந்தான், பொருத்தனை வேலை செய்கிறது என்று நம்பினார்.

தொண்ணூற்று மூன்று நவம்பரில் வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தவர் என் மேசையில் வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினார். நான் எடுத்துப் படித்தேன்.

'அப்பா, எங்க போஸ்ட்டுல ஒரு பலகை இருக்குது. எல்லாரோட சாமியும் அதுல ஒண்ணா இருக்கும். நம்ம இயேசு படமும் இருக்குது. போன வாரம் குண்டு விழுந்த அதிர்ச்சியில பிள்ளையாரு மட்டும் கீழ விழுந்து ஒடஞ்சிடுச்சு. எங்கூட பச்சமுத்துன்னு ஒருத்தன் இருக்கான், நம்ம கருவேப்பிலங்குறிச்சிக்காரன். அவன் பிள்ளையார தொட்டுட்டுதான் ரோந்துக்குக் கெளம்புவான். போன மாசம் எனக்குக் கால் மரத்துப் போயி பனியில வுழுந்துட்டன். மூணு மைலு என்னை முதுகுல தூக்கிட்டு வந்தான். இன்னிக்கி எனக்கு ரெண்டு காலும் இருக்குதுன்னா அவனாலதான். எங்கப்பா பிள்ளையாருக்குக் கண்ணு எழுதினா உயிரோட பாக்கற மாதிரி இருக்கும்னு அவங்கிட்ட பெருமையா சொல்லிட்டன். ஒங்க கையால ஒண்ணு செஞ்சு அனுப்புங்கப்பா.'

பொருத்தனையைப் பற்றி மகனுக்கு அவர் எழுதியிருக்கவில்லை. எழுதினால் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு வாரம் அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. செய்தால் பொருத்தனை போய்விடும், மகனுக்கு என்ன ஆகுமோ. செய்யாவிட்டால் மகனை முதுகில் சுமந்தவனுக்கு ஒரு சின்ன நன்றிகூட இல்லை. அவர் மனைவி எஸ்தரம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "எம்புள்ளய தூக்கிட்டு வந்தவரு அவரு. ஒண்ணு என்ன, பத்து செஞ்சு அனுப்புங்க." நான் என் பங்குக்கு, "நான் துடைச்சு நானே கண்ணு எழுதித் தரேன், ஒங்க பேர சொல்லி அனுப்புங்க" என்றேன். பொய் சொல்ல மாட்டேன் என்றார். பொய்யும் கூடாது, மெய்யும் முடியாது என்றால் என்னதான் செய்வது என்று நான் கத்தினேன். "அதாண்டா எனக்கும் தெரியல" என்றார்.

சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஐயரிடம் போனார். ஐயர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கூடாது என்று சொல்வார், இவர் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"தங்கதுரை, அந்தப் பொருத்தனைய ஒன்கிட்ட யாரும் கேக்கல. வுட்டுட்டா ஒன்னைய யாரும் தண்டிக்கவும் போறதில்ல. அன்பால எது செய்யணும்னு தோணுதோ அத செய். நீ விடுதலையான மனுஷன்."

"ஐயா, நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க. செய்யின்னா செய்யறன், வேணாம்னா வுட்டுடறன்."

"நான் சொன்னா அது என் முடிவு ஆயிடும். அப்புறம் ஒனக்கு எதுக்கு விடுதலை?"

வெளியே வந்ததும் தங்கதுரை அண்ணன் சர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "கூடாதுன்னு சொல்லியிருந்தா நல்லா இருந்துருக்கும் கோவிந்தராசு" என்றார். குடி அவரைக் கட்டிப் போட்டிருந்த காலத்திலும் இப்படிக் கையாலாகாமல் நின்று நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட மூளைக்குத்தான் அப்படி ஒரு வழி தோன்றும். கண் எழுதும்வரை அது பொம்மை என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தோம் அல்லவா? அப்படியானால் கண் எழுதாமல் அனுப்பிவிட்டால் சாமி செய்ததாகாது. பொருத்தனையும் நிற்கும், பச்சமுத்துவுக்கு அவர் கையால் செய்ததும் போய்ச் சேரும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து செய்தார். ஒரு சாண் உயரம். தும்பிக்கை மடிப்பில் ஒரு கோடு இல்லை, காது மடலில் ஒரு பிசிறு இல்லை. அவர் வாழ்நாளில் துடைத்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். இரண்டு சூளையும் முடிந்து வந்தது. முகம் பளபளவென்று வெறுமையாக இருந்தது. வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்தது நான்தான். தூரிகையும் சாயமும் ஒரு கை தூரத்தில் இருந்தன. அவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் இரண்டு புள்ளி வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அடுத்தவர் துடைத்த பொம்மைக்குக் கண் எழுதக் கூடாது என்ற வழக்கம் என் கையைப் பிடித்தது. அவர் மேல் கோபமும் இருந்தது. எப்படியோ போகட்டும் என்று ஆணியை அடித்துவிட்டேன். இன்றுவரைக்கும் அந்தச் சுத்தியல் சத்தம் எனக்குக் கேட்கிறது.

பிப்ரவரியில் பதில் வந்தது. 'பிள்ளையாரு பத்திரமா வந்துச்சுப்பா. எல்லாரும் அசந்துட்டாங்க. கண்ணு எழுத மறந்துட்டீங்களே! நான் பேனாவால வெக்கிறன்னு சொன்னன், பச்சமுத்து வுடல. செஞ்ச கையாலதான் கண்ணு தொறக்கணுமாம். ஏப்ரல்ல எங்க ரெண்டு பேருக்கும் லீவு வருது, அவனே எடுத்துக்கிட்டு நம்ம வூட்டுக்கு வந்து ஒங்களப் பாத்து எழுதி வாங்கிக்கறன்னு சொல்றான்.'

மறந்துவிட்டீர்களே என்ற இடத்தில் தங்கதுரை அண்ணன் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு மீதியைப் படித்தார். ஏப்ரலில் அவன் வந்து நின்றால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.

அவன் வரவில்லை. மார்ச் கடைசியில் பனி சரிந்து, ரோந்து போன நாலு பேர் பனிக்கு அடியில் புதைந்துபோனார்கள். அதில் பச்சமுத்து ஒருவன். உடலைத் தோண்டி எடுத்து அங்கேயே எரித்துவிட்டு, சாம்பலையும் அவன் டிரங்குப் பெட்டியையும் வீட்டில் ஒப்படைக்கப் பிரேம்நாத்தையே அனுப்பினார்கள். எந்த ஏப்ரலில் இரண்டு பேரும் சேர்ந்து வந்திருக்க வேண்டுமோ, அதே ஏப்ரலில் இவன் மட்டும் வந்தான். எஸ்தரம்மா மகனைக் கட்டிப்பிடித்து அழுதார். சந்தோஷத்துக்கா துக்கத்துக்கா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கருவேப்பிலங்குறிச்சியில் மாலை போட்டார்கள், வீர வணக்கம் என்று கோஷம் போட்டார்கள், பெரிய மனிதர்கள் பேசிவிட்டுப் போனார்கள். பச்சமுத்துவின் அம்மா பூவாயி, நடவுக்கும் களைக்கும் போகிற கூலிக்காரப் பெண். கருமாதி முடிகிறவரைக்கும் பெட்டியைத் திறக்கமாட்டேன், அதற்கடுத்த நாள் நீ வந்து பக்கத்தில் இரு என்று பிரேம்நாத்திடம் சொல்லியிருந்தார். அந்த நாள் தங்கதுரை அண்ணனும் கிளம்பினார், என்னையும் கூப்பிட்டார்.

பஸ்ஸில் அவர் மடியில் ஒரு பை இருந்தது. திறந்து காட்டினார். உள்ளே தூரிகையும் கறுப்புச் சாய பாட்டிலும் இருந்தன. "ஐயரு கிட்ட போவல. எஸ்தரு கிட்டயும் கேக்கல. நானே முடிவு பண்ணிட்டன். எம்புள்ள இன்னும் பன்னெண்டு நாள்ல திரும்ப அங்கதான் போறான். போவட்டும், ஆண்டவரு பாத்துக்குவாரு. இதத்தான் ஐயரு விடுதலைன்னு சொன்னாரு போலருக்குது" என்றார். முடிவு செய்த மனுஷனாக உட்கார்ந்திருந்தார், எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

பூவாயி பாயை விரித்து எங்களை உட்காரச் சொன்னார். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கம்பளிச் சட்டை, சவரப் பெட்டி, ஒரு கண்ணாடி, அம்மாவின் பழைய போட்டோ. அடியில் ஒரு துண்டில் சுற்றிப் பிள்ளையார் இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"எங்கப்பா செஞ்சதும்மா. கண்ணு எழுதத்தான் வந்துருக்காரு" என்றான் பிரேம்நாத்.

"நீங்கதானாங்க அது? எழுதியிருந்தான், பிரேமோட அப்பா எனக்குன்னே செஞ்சு அனுப்பிச்சாருன்னு. நம்மள ஒரு ஆளா மதிச்சு செஞ்சீங்களே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

தங்கதுரை அண்ணன் பாட்டிலைத் திறந்து தூரிகையைத் தோய்த்தார். கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ ஜெபித்துவிட்டுப் பொம்மையை இடது கையில் எடுத்தார்.

"வேணாம்ங்க" என்றார் பூவாயி.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியே இருக்கட்டும்ங்க. இந்தப் பதினாறு நாளா ஊர்ல இருக்கற எல்லா சாமியயும் திட்டித் தீத்துட்டன். எம்புள்ள பனிக்குள்ள போவறப்ப பாத்துக்கிட்டுதான இருந்தீங்கன்னு. இது ஒண்ணுதான் பாக்கல. பாவம், இதுக்குக் கண்ணே இல்ல. அதனால இது மேல மட்டும் எனக்குக் கோவம் இல்ல. இத வெச்சு வெளக்கு ஏத்திக்கிறன். நல்ல வேள, மறந்துட்டீங்க."

தூரிகை நுனியில் சாயம் திரண்டு பாயில் ஒரு சொட்டு விழுந்தது. வாயை மூடிக்கொண்டு இரு அண்ணே என்று மனசுக்குள் சொன்னேன். வெளியேயும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"மறக்கலம்மா" என்றார் அவர்.

"என்னாங்க?"

"மறக்கல. வேணும்னுதான் எழுதல. எம்புள்ள நல்லபடியா வரணும்னு, சாமி செய்ய மாட்டன்னு பொருத்தனை பண்ணியிருந்தன். கண்ணு எழுதலன்னா பொம்மைதானன்னு அப்படியே அனுப்பிட்டன். என்னைய மன்னிச்சுக்கம்மா."

பிரேம்நாத் எழுந்து நின்றுவிட்டான். பூவாயி முதலில் தங்கதுரை அண்ணனைப் பார்த்தார், பிறகு இரண்டு காலோடு நின்றுகொண்டிருந்த பிரேம்நாத்தைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத சொல்லாம இருந்துருக்கலாம்ங்க. சொன்னதுல ஒங்களுக்கு மனசு லேசாயிருக்கும். நான் இனிமே இத எப்படி வெச்சுக் கும்புடறது?" என்றார். பிள்ளையாரை அதே துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். "எடுத்துட்டுப் போங்க. துண்டு அவனுதுதான், பரவால்ல."

திரும்பும்போது பிரேம்நாத் பஸ்ஸில் தள்ளிப் போய் உட்கார்ந்தான். இறங்கும்போதுதான் பேசினான். "அனுப்பாமயே இருந்துருக்கலாம்பா. முடியாதுன்னு எழுதியிருந்தாக்கூட அவன் சிரிச்சுட்டு வுட்டுருப்பான். கண்ணு இல்லாதத பலகையில வெக்கக் கூடாதுன்னு அவன் பெட்டியில பூட்டி வெச்சுட்டான். கடைசி நாள் வரைக்கும் வெறும் பலகைய தொட்டுக் கும்புட்டுட்டுதான் போனான்."

பனி சரிந்ததற்கும் பொம்மைக்குக் கண் இல்லாததற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தங்கதுரை அண்ணனுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அந்த வெறும் பலகை அவரை விடவில்லை. பன்னிரண்டு நாளில் மகன் கிளம்பிப் போனான். "போயிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொன்னான், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதன் பிறகு கடிதங்கள் மறுபடி எஸ்தரம்மா பேருக்கே வந்தன. 'அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்' என்று கடைசியில் ஒரு வரி இருக்கும்.

பிள்ளையார் எங்கே போனது? கிறிஸ்தவர் வீட்டில் வைக்க முடியாது. உடைக்க அவருக்கு மனசு வரவில்லை. மகன் இன்னும் எல்லையில் இருக்கிறான், கண் எழுதவும் தைரியம் போய்விட்டது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் இருந்த அந்தத் தைரியம் திரும்ப வரவே இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். துண்டோடு ஷெட்டில் தன் சாமான் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். பியூஸ் கட்டைக்குக் கத்தி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதை நகர்த்தி வைக்க வேண்டும். நாளுக்குப் பத்து தடவையாவது நகர்த்தினார், நாலரை வருஷம்.

ஒன்றே ஒன்று செய்தார். ஆகஸ்ட் ஞாயிறு வந்தால் ஐயரிடம் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுப்பார். 'பச்சமுத்து, கருவேப்பிலங்குறிச்சி.' சபையில் இல்லாத ஆள், அதுவும் வேற மதம், எப்படி வாசிக்கலாம் என்று முதல் வருஷம் சிலர் முணுமுணுத்தார்களாம். நன்றி சொல்வதற்கு ஞானஸ்நான சர்டிபிகேட் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு ஐயர் வாசித்தார், அதன் பிறகு வருஷா வருஷம் வாசித்தார். பேரைக் கேட்டதும் தங்கதுரை அண்ணன் எழுந்து நிற்பார். உன் விடுதலையைப் பற்றிச் சாட்சி சொல்லேன் என்று யாராவது கேட்டால் மட்டும் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

தொண்ணூற்றெட்டு டிசம்பரில் பதினைந்து வருஷ சர்வீஸ் முடித்துப் பிரேம்நாத் சீருடையைக் கழற்றிவிட்டு முழுசாக வீடு வந்து சேர்ந்தான். சர்ச்சில் மாலை போட்டு ஸ்தோத்திரம் சொன்னார்கள். பொருத்தனை நிறைவேறிவிட்டது, இனி அவரைத் தடுக்க எதுவும் இல்லை. மறுநாள் காலை ஷெட்டுக்கு வந்தவர் பெட்டியைத் திறந்து துண்டை அவிழ்த்தார். இரண்டு கண்ணையும் எழுதினார். அழியக் கூடாது என்று சின்ன அடுப்பில் சூடு காட்டினார். எடுத்துப் பார்த்தபோது காத்தவராயன் செருப்பைக் கழற்றிவிட்டார். பழைய கை அப்படியே இருந்தது. அந்தப் பிள்ளையார் நேராக என்னைப் பார்த்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜனவரியில் மூன்று பேரும் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனோம். மகன் அப்பாவோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தான், அதையே பெரிசாக நினைத்துக்கொண்டேன். பூவாயிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்து பிரேம்நாத்தின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

தங்கதுரை அண்ணன் துண்டைப் பிரித்து நீட்டினார். "எழுதிட்டம்மா" என்றார்.

பூவாயி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். வெகு நேரம் அந்தக் கண்களைப் பார்த்தார்.

"இப்ப பாத்து என்னாங்க பண்ணப் போவுது?"

வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று பயந்து தங்கதுரை அண்ணன் இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றார். பூவாயி திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளே எடுத்துக்கொண்டு போனார். சுவரில் பச்சமுத்து சீருடையோடு இருக்கும் படம் மாட்டியிருந்தது. படத்துக்குப் பக்கத்தில் மாடம் இருந்தது, அதில் வைக்கவில்லை. எதிர்ச் சுவர் ஓரமாக ஒரு மரப்பெட்டியை நகர்த்திப் போட்டு, அதன் மேல் பிள்ளையாரைப் படத்துக்கு நேர் எதிரே திருப்பி வைத்தார்.

"பாத்துக்கிட்டே கெடக்கட்டும்" என்றார்.